காலிக் கட்டம்

சாலைக்குப் பெயர் இருந்தது.
நீளம் இருந்தது, நாலு கிலோமீட்டர் முந்நூறு மீட்டர்.
மேற்பரப்பு என்ற கட்டத்தில்
யாரும் எதையும் எழுதியிருக்கவில்லை.

எழுதாததைத் தார் என்று கொள்
என்றொரு வரி என் நிரலில்.
சமாதானபுரத்து மாடியறையில்
ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எழுதியது.
அரை நிமிடம் ஆகியிருக்கும்.

காலை பத்தேகாலுக்கு அருமைநாயகம் கூப்பிட்டார்.
“யம்மா, உங்க மேப்புல ரோடு கெடக்கு.
என் முன்னால மண்ணுல்லா கெடக்கு.”
இட்டமொழிக்குத் தெற்கே,
நொச்சிவிளைக்கு இரண்டு பர்லாங் முன்னால்,
அச்சு வரைக்கும் தேரிக்குள் பின்சக்கரம்.
வண்டியில் சத்துணவு முட்டை நாற்பது அட்டை.
பனைமட்டையை அடியில் கொடுத்து
ஆட்கள் தள்ளுவது போனில் கேட்டது.
பிறகு முட்டைகள் கேட்டன.

தெரி என்பதற்கும் தேரி என்பதற்கும்
கொம்பில் ஒரு சுழிதான் வித்தியாசம்.

மாலையில் வரியை மாற்றினேன்.
எழுதாதது எல்லாம் மண்.
மறுநாள் வண்டி எங்கும் புதையவில்லை,
நொச்சிவிளைக்குப் போகவுமில்லை.
பதினோரு பள்ளிக்கூடங்கள்
பட்டியலின் அடிக்கு இறங்கிவிட்டன.
அதில் ஏழுக்கு
வாசல் வரைக்கும் சிமெண்ட் ரோடு.

ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன்.
அங்கே எந்தக் கட்டமும் காலியில்லை.
நொச்சிவிளைச் சாலைக்குத் தார் போட்டாயிற்று,
இரண்டு தடவை,
பில்லும் பாஸாயிற்று.
என் காலிக் கட்டத்தின் மேல்
அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

சரி, நேரில் பார்த்து நிரப்பலாமென்றால்
மானூர்ப் பக்கம் கரிசல்.
சித்திரையில் சிமெண்டை விடக் கெட்டி.
ஐப்பசியில்
செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு
ஆளை மட்டும் அனுப்பும்.
கட்டத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
எந்த மாதத்தில் நின்று எழுத?

இப்போதைய வரி இது:
எழுதாததை எழுதாததாகவே வை.
கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் கூட்டு,
மழை மாதமென்றால் ஏழு.
(அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று
என்னைக் கேட்காதீர்கள்.)
வண்டி திரும்பியதும் டிரைவரிடம் கேள்.

அருமைநாயகம் குரலில் அனுப்புகிறார்.
ஒன்றுக்கு, மணல்.
ஒன்றுக்கு, சரள், ஓரமாப் போனா போலாம்.
நேற்று ஒன்றுக்கு
வெகுநேரம் இன்ஜின் சத்தம் மட்டும். அப்புறம்:
“இது ரோடே இல்ல யம்மா.
யாரோட வாழைத்தோட்டமோ.”

அதற்கும் பெயர் இருக்கிறது,
நீளம் இருக்கிறது.