காக்கைதீவு, இலக்கம் பதினேழு

மட்டக்குளியில் களனி கடலோடு கலக்கிற இடத்தில்
பொலித்தீனுக்கும் படகுக் கயிற்றுக்கும் நடுவே
ஒரு புல்.
உப்பில் நின்றது. அதுதான் விசயம்.

வேரோடு ஒரு பிடி மண்ணை
யோகட் கோப்பையில் அள்ளிக்கொண்டு
நூற்றைம்பத்தைந்தில் ஏறினேன்.
மடியில் எத்தனை கோடிப் பேர்!
கொண்டக்டர் ஒரு டிக்கட்தான் கிழித்தார்.

தட்டில் வளர்ந்தபோது
வெளிறிய, சளி மாதிரி ஒரு கோடு.
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடி, மொட்டைமாடி.
இருபது கொச்சிக்காய்க் கன்றுகள்.
பத்துக்குப் பதினேழாம் இலக்கம்,
பத்துக்கு வெறும் தண்ணீர்.
கச்சான் காற்றே பாதி உப்பு;
மீதியை நான் வாளியில் கரைத்து
எல்லாவற்றுக்கும் ஊற்றினேன்.

உப்புப் பட்டால் கன்று பதறும்.
பதறினால் உள்ளே ஒரு வாயு செய்யும்,
இலையைக் கிழடாக்கி
உதிர் உதிர் என்கிற வாயு.
பதினேழு வேர் நுனியில் குந்தியிருந்து
அந்தக் கத்தல் வாயுவாகும் முன்னமே
அதன் கருவைத் தின்றுவிடும்.
இரக்கமில்லை, பசி.
வேர் கசியும் சீனியும் அதற்கு வேண்டும்.

எட்டாம் நாள்
உடுப்புக் காயப்போட வந்த ஸில்மியா கேட்டாள்:
"இந்தப் பக்கத்துக்கு மட்டும் தண்ணி ஊத்தல்லயா?"
ரெண்டுக்கும் ஒரே வாளி என்றேன்.
அவள் நம்பவில்லை.

பதினேழு இருந்த பக்கத்திலும்
மூன்று செத்திருந்தன.
கொப்பியில் எழுதினேன், மூன்று என்று.
பிறகு கையைக் கழுவாமல்
கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.