சேரம்பாடி, ஸ்லைடு 214

நேற்றிரவு யானை சாய்த்த கம்பம்
பலாமரத்தடியில் அப்படியே கிடக்கிறது.
கரண்ட் இல்லை.
நுண்ணோக்கிக்கு அடியில் பழைய கண்ணாடியை மாட்டி
ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து
வானத்திடம் வெளிச்சம் கடன் கேட்கிறேன்.
மூட்டம் வந்தால் பிடுங்கிக்கொள்கிறது.
இடையில் கிடைக்கிற நிமிடங்களில் எண்ண வேண்டும்.

சோம்ரா ஓராவ், வயது இருபத்திரண்டு.
கும்லாவில் ரயிலேறி வந்து பதினோரு நாள்.
ரெண்டாம் நம்பர் காட்டில் கவ்வாத்து.
மூன்று கம்பளி போர்த்தியும்
கட்டில் கடகடவென்று ஆடுகிறது.

எண்ணெய்ச் சொட்டுக்குள் லென்ஸ் இறங்குகிறது.
வெளிர்சிவப்புத் தட்டுகள், தட்டுகள், தட்டுகள்.
ஒன்றில், அதோ,
கல் வைத்த மோதிரம்.
அடுத்ததில் இரண்டு,
ஒன்று விளிம்போடு ஒட்டிக்கொண்டு.

பயிற்சியில் சொல்லித் தந்தது:
முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது.
உத்தரவு போட ஆளில்லாத வீடு,
ஒரு ஆணிகூடப் புதிதாகச் செய்யத் தெரியாத வீடு.
ஒளிந்துகொள்ள வசதி,
வளர வழியில்லை.
வந்ததுதான் எல்லாவற்றையும் கட்ட வேண்டும்.

கட்டுகிறது.
தன்னைச் சுற்றிய பையில் ஒரு துளையமைத்து
தன் புரதங்களை மடிப்புப் பிரித்து
ஊசிக்காதில் நூல் கோப்பதுபோல்
ஒவ்வொன்றாய் வெளியே தள்ளுகிறது.
அப்பால் போனவை மறுபடி மடிந்து உருவம் பெறுகின்றன.
ஒன்று வெளிச்சுவரில் சத்து நுழைய வழி திறக்கும்.
ஒன்று இடைவெளியில் தட்டையான அறைகள் எழுப்பும்.
சில ஒன்றுகூடி
வழவழப்பான தோலைக் குமிழ் குமிழாய்ப் புடைக்கவைக்கும்.
குமிழின்மேல் கொக்கி,
ரத்தக்குழாயின் ஓரத்தைப் பற்றிக்கொள்ள,
மண்ணீரலின் சோதனைச்சாவடிக்குப் போகாதிருக்க.
உடம்பு அந்தக் கொக்கியை அடையாளம் கண்டுவிட்டால்
வேறு கொக்கி.
அறுபது வைத்திருக்கிறதாம் பெட்டியில்.

நாற்பத்தெட்டு மணி நேரம்.
உள்ளிருக்கும் சிவப்பைத் தின்று தீர்த்து
நஞ்சாகிவிடும் மிச்சத்தைப்
பழுப்புப் படிகமாய் இறுக்கி
ஒரு மூலையில் ஒதுக்கி வைக்கிறது.
குப்பையை இவ்வளவு ஒழுங்காய் வைக்கும் ஒன்றை வெறுக்க
எனக்குச் சில நொடி பிந்துகிறது.

மூட்டம்.
வட்டம் சாம்பலாகிறது.

"வடக்கே இருந்து வந்து ஒட்டிக்கிட்டு உறிஞ்சுதுங்க"
என்கிறார் மருந்து கொடுக்கும் அல்போன்ஸ்,
மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடி.
தலைமன்னாரில் கப்பலேறி அப்பா இங்கே இறங்கியபோதும்
இந்த வாக்கியம் இருந்தது.
திசை மட்டும் வேறு.
"நான் பார்க்கிறது கிருமியை, அல்போன்ஸ்.
ஆள் அங்கே கட்டில்ல இருக்கான்" என்றேன்.
அவர் கத்தரித்துக்கொண்டே இருந்தார்.

"அம்ம்" என்கிறான் சோம்ரா. "அம்ம்."
அம்மாவைக் கூப்பிடுகிறான் என்று
நர்ஸ் கமருன்னிசா நெற்றியைத் தடவினாள்.
கூட வந்த பையன் தலையசைத்து
கையைக் குவித்து உதட்டில் வைத்துக் காட்டினான்.
அவர்கள் பேச்சில் அம் என்றால் தண்ணீர்.
எவர்சில்வர் டம்ளர் பல்லில் மோதும் சத்தம்
இங்கே வரை கேட்டது.

வெளிச்சம் திரும்புகிறது, கஞ்சித்தண்ணி நிறத்தில்.
தடித்த பூச்சுக்கு நகர்த்துகிறேன்.
இருநூறு வெள்ளணுவுக்கு எழுபத்தொன்பது மோதிரம்.
எல்லாம் இளசு, இன்னும் கொக்கி முளைக்காதவை.
அதனால்தான் விரல்நுனிக்கு வந்தன,
அதனால்தான் என் கணக்கில் விழுந்தன.
முளைத்தவை
எங்கோ ஒரு மெல்லிய குழாயில்,
சிறுநீரகத்திலோ மூளையின் ஓரத்திலோ
பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.
அவற்றுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

79 என்று எழுதுகிறேன்.
கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்து
"உடனே" என்று எழுதி,
அல்போன்ஸிடம் நானே கொண்டுபோகிறேன்.

கரண்ட் வந்தது,
ஸ்லைடைத் துடைத்து வைத்த பிறகு.
அந்தப் பக்கம் டம்ளர் காலி.
இன்னும் கேட்கிறான்.