வால் வெட்டும் நிரல்

கொக்குவிலில், சைக்கிள் கடைக்கு மேல்
ஒரு மின்விசிறியும் இரண்டு திரைகளும் உள்ள அறை.
பாசையூரிலிருந்து கடற்றொழிலாளர் சங்கத்தின்
கூட்டக் குறிப்புகள் வந்திறங்கின,
மீன் பெட்டியில்.
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
சில பக்கங்களில் செதிள்.

நிதி தருகிறவர்கள் கேட்டது இரண்டே பக்கம்:
‘முக்கியக் கருத்துகள் மட்டும்.’

ஸ்கான் பண்ண ஒன்பது நாள்.
எழுத்தறியும் நிரல் வலையை விலை என்று படித்தது,
விலையை வலை என்றும்.
திருத்தாமல் விட்டாலும் பெரிய பிழை வராது என்று
மெற்றில்டா அக்கா சொன்னா.
அவதான் சங்கத்தின் எழுதுவினைஞர்;
நீல மையில் வலப்பக்கம் சரிந்த கையெழுத்து
முக்கால்வாசி அவவுடையது.

அடுத்து, சொற்களின் வால் வெட்ட வேண்டும்.
கடலுக்கு, கடலில், கடலால், கடலோடு
எல்லாம் வெட்டி, கடல்.
எங்கள் மொழியில் வேற்றுமையும் காலமும்
ஆளும் பாலும் வாலில்தான் தொங்கும்.
மெஷினுக்கு அது சுமை.
நானே எழுதின நிரல். நன்றாக வெட்டியது.

வெள்ளிக்கிழமை இரவு முடிவு வந்தது,
கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னம்.
முதலாவது கருத்து: மண்ணெண்ணெய்.
அதனோடு ஒட்டி வரும் சொல்: கிடை.
ஆண்டுவாரியாக ஒரு வரைபடம்;
தொண்ணூறுகளில் கோடு கூரை முட்ட ஏறி நின்றது.
மண்ணெண்ணெய் பெருகி ஓடின காலம் அதுதான் என்று
திரை எனக்கு அறிவித்தது.

நான் அந்தக் காலத்தில் பிறந்தவள்.
ஜாம் போத்தலுக்குள் பஞ்சு,
அரைத் தேக்கரண்டி எண்ணெய்,
அந்த வெளிச்சத்தில்.

பக்கத்தைத் திறந்தேன்.
‘மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.’
‘இம்முறையும் கிடைக்கவில்லை.’
‘அனுமதி கிடைக்கவில்லை.’
‘எழுதிய கடிதத்துக்குப் பதில் கிடைக்கவில்லை.’

இல்லை என்பதும் வால்தானே எங்களுக்கு.
அதை வெட்டி எறிந்துவிட்டு
கிடை, கிடை, கிடை என்று
மிச்சத்தை எண்ணியிருக்கிறது,
கரையில் கிடந்த வள்ளங்களை எண்ணினமாதிரி.

வாலை ஒட்டினேன். திரும்ப ஓட விட்டேன்.
இப்போது வேறொரு சங்கடம்.
எல்லாக் கூட்டத்திலும் வருகிற சொல்லுக்கு
மதிப்பெண் பூச்சியம். கணக்கு அப்படி.
எங்கும் இருப்பது எதையும் சொல்லாதாம்.
‘இல்லை’ எல்லாக் கூட்டத்திலும் இருந்தது.
‘தேநீருடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது’ என்பதும்.
இரண்டும் சேர்ந்து
பட்டியலின் அடிக்கு இறங்கிப் போயின.

ஆனால் பூச்சியம் வரவில்லை.
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் இரண்டு.
நானூற்று முப்பது கூட்டத்தில்
ஏதோ ஒன்றில்
இல்லையும் இல்லை, தேநீரும் இல்லை.

பக்கம் அறுநூற்று நாலு.
மேலே ஒரு திகதி.
கீழே ஆறு கையொப்பம், ஒரு பெருவிரல் அடையாளம்.
நடுவில் வெறும் கோடுகள்.

மெற்றில்டா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.
பின்னால் மீன் ஏலம் கூறும் சத்தம்.
“அண்டைக்கு ஒருத்தரும் கதைக்கேல்லை.
வந்திருந்தவை. கொஞ்ச நேரத்தாலை எழும்பிப் போட்டினம்.
வந்தது வந்ததுதானே,
அதுதான் கையெழுத்து மட்டும் வாங்கினனான்.”
ஏலக்காரன் நண்டுக்கு விலை ஏற்றினான்.
“அது சரி, காசு எப்ப வருமெண்டு
உன்ரை மெஷினுக்குத் தெரியுமோ?”

முதற் பக்கத்தில் மண்ணெண்ணெய், அனுமதி,
வலைக் கடன், றோலர்.
இரண்டாம் பக்கத்தில்
அறுநூற்று நாலின் பிரதியை வைத்தேன்,
ஒரு சொல்லும் சேர்க்காமல்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது.
இரண்டாம் பக்கத்தில் ஏதோ கோளாறாம்,
வெறுமையாய்த் தெரிகிறதாம்,
தயவுசெய்து மீண்டும் அனுப்பட்டாம்.

மீண்டும் அனுப்பினேன்.
அதையேதான்.