இருபத்திரண்டு மில்லி ஓட்டை

மிதக்கிற ஒன்றில் ஓட்டை போட
எபினேசருக்குக் கை வரவில்லை.
"நீயே போட்டுடு மே" என்று டிரில்லை நீட்டினான்.
நாற்பதடி டிரெய்லரைத் துறைமுக கேட்டுக்குள்
பீடி அணையாமல் ரிவர்ஸ் எடுக்கிறவன்.

கோவளத்தில் மூடிப்போன ஏதோ ஒரு கிளப்பின்
மஞ்சள் கயாக். இரண்டு பேர் உட்காரலாம்.
விலாவில் ஏழு என்று எழுதியிருந்தது.
மற்ற ஆறும் யார் வீட்டு மாடியிலோ.
டாட்டா ஏஸிலிருந்து இறக்கியபோது
எர்ணாவூரில் எங்கள் சந்தை அடைத்துக்கொண்டு
மூக்கு ஒரு வாசலிலும் வால் ஒரு வாசலிலும் கிடந்தது.

மீன் காட்டும் பெட்டி தனியாக வந்தது.
ஒன்பதாயிரம் என்றான்.
தெர்மாகோலுக்கு அடியில் இருந்த பில்
பதினேழாயிரத்து நானூறு என்றது.
இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.

மார்க்கர் புள்ளி. அதன்மேல் டிரில்.
மாங்காய்த் துருவல் மாதிரி சுருண்டு வந்தது மஞ்சள்.
இருபத்திரண்டு மில்லி.
உள்ளே எட்டிப் பார்த்தால் இருட்டு,
கொஞ்சம் கோவளத்து மணல்.

வயருக்கு ரப்பர் வளையம், சுற்றிலும் எம்-சீல்.
யுபிஎஸ்ஸில் இருந்து கழற்றிய பேட்டரியை
அவனுடைய சாப்பாட்டு டப்பாவில் வைத்தேன்.
சிவப்புக்கு சிவப்பு, நடுவில் மூன்று ஆம்ப் பியூஸ்.
சென்சாரை அடித்தட்டில் சிலிகான் பூசி ஒட்ட வேண்டும்.
ஒரு காற்றுக் குமிழி மாட்டினாலும்
கடலையே பொய்யாகச் சொல்லும் என்று
காகிதத்தில் படம் போட்டிருந்தது.
கடையில் தினமும் முப்பது போனுக்கு
ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறேன்.
குமிழியை ஓரத்துக்குத் தள்ளுவது
என் கட்டைவிரலுக்குத் தெரியும்.

சுவிட்சைத் தட்டியதும்
மொட்டை மாடியில், காயப்போட்ட துணிக்கு அடியில்
மீன்.
சின்னது, பெரியது, பதினெட்டு அடியில் ஒரு கூட்டம்.
பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஏறி வந்தார்கள்.
எபி என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.
மெனுவில் மூன்றாவது வரியைக் காட்டினேன்:
டெமோ.
அதை அணைக்க வேண்டாம் என்று ஒரு பையன் அழுதான்.

ஞாயிறு, விடியாத ஐந்து மணி, எண்ணூர் முகத்துவாரம்.
புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள்
தண்ணீரிலும் எரிந்தன.
கயாக் ஒழுகவில்லை.
முதல் பத்து நிமிடம் அதை மட்டும்தான் பார்த்தேன்,
கால்விரலால் தொட்டுத் தொட்டு.

ஆழம் ஒன்று புள்ளி இரண்டு.
ஒன்று.
வெப்பம் முப்பத்து நான்கு.
கரண்ட் செய்துவிட்டு வரும் தண்ணீர் இந்தப் பக்கம்தான்.
அடிமட்டம் கோடாக வரவில்லை,
நனைந்த கம்பளி மாதிரி தடிமனாக வந்தது.
"ஒட்டினது சரியில்ல" என்றான் எபி.
துடுப்பைக் குத்தினான்.
இழுத்தபோது பாதிவரை சாம்பல்.
என் ஒட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

அப்போது பீப்.
திரையில் ஒரு மீன், எங்கள் நேர் அடியில்,
கனமானது, நகராதது.
எபி மூச்சைப் பிடித்தான்.
நான் குனிந்தேன்.

கழுத்தளவு தண்ணீரில் ஒரு பெண்,
பல்லில் கடித்த பரி,
ஒரு கை எங்கள் படகின் அடியில்
சாம்பலைத் துழாவிக்கொண்டிருந்தது.
கை வெளியே வந்தது. இறால்.
திரையில் மீன் மறைந்தது.

பரியில் போட்டாள். மறுபடி நீட்டினாள்.
பீப்.
வாய் திறக்க முடியாததால்
புருவத்தால் கேட்டாள்.
எபி பெட்டியை அவள் பக்கம் திருப்பினான்.
தன் கையை உள்ளே விட்டு,
எடுத்து, விட்டு, எடுத்து,
பீப்பைக் கேட்டுக்கொண்டிருந்தாள் கொஞ்ச நேரம்.

பிறகு பரியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.
"எத்தினி ரூபா?"

எபி என்னைப் பார்க்கவில்லை.
"நாலாயிரம்க்கா."

பூஜ்யம் புள்ளி எட்டு, என்றது பெட்டி.
பூஜ்யம் புள்ளி ஏழு.