கேட் பாஸின் பின்பக்கம்

எர்ணாவூர் பாலம் இறங்கியதுமே
எஞ்சினை அணைத்துவிட்டோம்.
முன்னால் முந்நூறு டிரெய்லர்.
துறைமுகத்துக்குள் சர்வர் படுத்துவிட்டதாம்.
யாரோ சொன்னார்கள், யாரோ தலையாட்டினார்கள்.

எனக்கு முன்வண்டி பெஞ்சலய்யா.
அவன் பெட்டியில் கிரானைட்.
என் பெட்டியில் என்னவென்று எனக்குத் தெரியாது,
சீல் அடித்துத்தான் கொடுப்பார்கள்.
காந்தச் சதுரங்கப் பலகையை
அவன் கேபினில் விரிப்போம்,
வரிசை நகர்ந்தால் மூடுவோம்.
ஒரு ஆட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஆகும்.

புத்தகம் என்னுடையது.
கேட்பாரற்ற பெட்டியொன்றை
ஏலத்துக்காகப் பிரித்த நாளில்
கிடங்கு மூலையில் கிடந்தது, அட்டை இல்லாமல்.
ஒரு பழைய உலகச் சாம்பியன்
தன் ஆட்டங்களைத் தானே எழுதியது.
பெயர் அட்டையோடு போய்விட்டது,
உள்ளே நான், நான் என்று மட்டும்தான்.
பட்டம் வென்ற வருடத்துக்கு நான்கு ஆட்டம்,
இழந்த வருடத்துக்குப் பதினொன்று.
என் இங்கிலீஷ் அரைகுறை.
கட்டங்களுக்கு அது போதும்.

எதிராளி அந்தக் காயை ஏன் தொட்டான் என்று
முதலில் கேள், என்கிறார்,
உன் ஆசையைப் பிறகு கேட்கலாம்.
அதைப் படித்ததிலிருந்து
ஷேர் ஆட்டோ மூக்கை நுழைத்தால்
நான் ஹாரனில் கை வைப்பதில்லை.
அவனுக்கு எங்கே போகணும் என்று பார்க்கிறேன்.
பாதி நேரம் அவனுக்கே தெரியவில்லை.

கெட்ட நிலையில் பதறாதே,
அதுவும் ஒரு இடம்தான்,
அதில் உட்காரத் தெரியணும், என்கிறார்.
பதினெட்டு மணி நேரம் இந்தக் கடற்கரைச் சாலையில்
மூத்திரத்தை அடக்கி உட்கார்ந்தவனுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

இரவு நன்றாகத் தூங்கு,
ஆட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம் நட, என்றும் இருக்கிறது.
அது யாருக்கு எழுதியதோ.

ராத்திரி இரண்டு மணி. என் முறை.
பலகையில் இரண்டு பேருக்கும் ஆபத்து.
திடீரென்று பின்னால் வரிசையாக ஹாரன்,
"நவுறுதுபா!"
ஆட்டம் பாதியில் நின்றால்
அடுத்த நகர்வை எழுதி மூடி வைக்கணும்,
புத்தகத்தில் அப்படித்தான் செய்கிறார்கள்.
வேறு காகிதம் இல்லை.
கேட் பாஸின் பின்பக்கம் எழுதி,
மடித்து, சட்டைப்பையில் போட்டு, ஓடிவந்து ஏறினேன்.

காசிமேடு சிக்னலில்
ஐஸ் லாரி ஒன்று பின்னோக்கி வந்தது,
சாலையெல்லாம் மீன் தண்ணீர்.
நான் நிறுத்திக் காத்திருந்தேன்.
அப்போதுதான் தெரிந்தது:
குதிரை இல்லை, யானை.
யானையை அவன் பிஷப்புக்குக் கொடுத்துவிட்டால்
அவன் ராஜாவுக்கு மூச்சுவிட இடமில்லை.

ஜீரோ கேட்டில் காவலர்
பாஸை வாங்கி, முத்திரை குத்தி,
பின்பக்கம் பார்க்காமலே
பெட்டிக்குள் போட்டார்.

உள்ளே, யார்டில்,
கிரேன் என் கன்டெய்னரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கும் நேரம்
பெஞ்சலய்யா இரண்டு டீயோடு வந்தான்.
"இன்னா எழுதினே?"

அந்தக் காகிதத்தை இனி யாரும் பிரிக்கப்போவதில்லை.

ஜெயித்த ஆட்டங்களில்கூட
தன் நகர்வுகளுக்குப் பக்கத்தில்
அந்த மனிதர் கேள்விக்குறி போட்டிருப்பார்.
இவரை யார் கேட்டார்கள் என்று
எனக்கு எரிச்சலாக வரும்.
கப்பையும் கையில் வைத்துக்கொண்டு அங்கு போய்
எனக்கு இருக்கிற புத்தி!

"குதிர எஃப் அஞ்சு" என்றேன்.

டார்ச் அடித்துப் பலகையைப் பார்த்தான்.
"யானையக் குடுத்திருந்தா நான் காலி."
"தெரியும்."
"எப்போ தெரிஞ்சுது?"
"ஐஸ் லாரிக்கு ஒதுங்கினப்போ."
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு என் குதிரையை அடித்தான்.

பதினான்கு நகர்வில் தோற்றேன்.
டீக்காசும் நான்தான் கொடுத்தேன்.

டீசல் கணக்கு எழுதும் நோட்டில்
கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்,
குதிரை எஃப் ஐந்து,
பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி.

திரும்பும்போது வண்டி காலி.
பாலத்தில் ஏறுகையில்
சங்கிலிகள் பின்னால்
தம்பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டு வந்தன.