உடைந்தவை பத்தி

மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால்
நான்தான் கிர்கிஸ் குடியரசு.
காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை.
நடுவில் ஒரு மணி நேரம்
அரசாங்கம் ரொட்டியும் வெங்காயமும் தின்னும்.

மாதத்தின் முதல் செவ்வாய் பூருல்சா வருவாள்.
சந்தைக் கடை வரி நானூறு சோம்.
பணப்பையைத் தொடமாட்டாள்.
அட்டைத் தட்டு ஒன்றை மேசைமேல் வைப்பாள்.
முப்பது குழி, பத்தொன்பது முட்டை.
மிச்சக் குழிகளில் மஞ்சள் காய்ந்து ஒட்டியிருக்கும்.

"பாலத்துக்கும் பழைய கம்பளி ஆலைக்கும் நடுவே
உங்க ரோடு தின்னது இது.
கழிச்சுக்கோ."

படிவத்தில் பெயருக்கு இடம் உண்டு.
தந்தை பெயருக்கு, கடை எண்ணுக்கு,
தாமதித்தால் அபராதத்துக்கு.
உடைந்ததற்கு இல்லை.

வரி கட்டினால்தானே ரோடு என்றேன்.
ரோடு இருந்தால்தானே வரி என்றாள்.
முட்டை விற்பவளிடமே போய்
எது முதல் என்று வாதாடியவன்
இந்த ஜில்லாவில் நான் ஒருத்தன்தான்.

வரிசையில் நின்ற எசென்பாய் சிரித்தார்.
அவரும் கட்டியதில்லை.
கட்டினால் மேலே எவனோ தின்றுவிடுவான்
என்பது அவர் கட்சி.
மறுத்துப் பேச எனக்கு நா எழவில்லை.
முன்னாள் தலைவர் வீட்டு முற்றத்தில் மட்டும்
தார் போட்டிருந்தது,
அதன்மேல் ஆட்டுக்குட்டிகள் வெயில் காய்ந்தன.

ஐந்தேகால் மணிக்கு ஜன்னலைச் சாத்தியதும்
குடியரசு என்னைவிட்டு இறங்கிவிடும்.
அதே ரோட்டில், அதே வேனில், பின்சீட்டில்,
தலை கூரையில் இடிக்க இடிக்க
நானும் ஒரு தட்டு முட்டை.

அப்படியொரு மாலைக்கு மறுநாள்
அடிக்கோலை வைத்துப் பேரேட்டில் கோடு இழுத்தேன்.
புதிதாக ஒரு பத்தி. தலைப்பு: உடைந்தவை.
யாரும் சொல்லவில்லை. யாரும் தடுக்கவில்லை.
யாரும் அந்த ஏட்டைப் படித்ததும் இல்லை.

பூருல்சா, பதினொன்று.
எசென்பாய், வண்டி அச்சு ஒன்று.
பள்ளிக்கூட வேன், முன்கண்ணாடி.
பால்காரர் மகன், எட்டு லிட்டர், ஒரு பல்.
பிரசவ வலியோடு போன ஷாயிர்குல்,
எந்த எண்ணைப் போடுவதென்று தெரியவில்லை,
பெயரோடு நிறுத்திவிட்டேன்.

இரண்டு பனிக்காலம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன்.
நாங்கள் கட்ட மறுத்த வரியைப்போல்
மூன்று மடங்கு
அந்த ஒன்பது கிலோமீட்டர்
எங்களிடம் வசூலித்திருந்தது.
ரசீது தராத வசூல்காரன்,
பாக்கி சொன்னால் கேட்காதவன்.

புதிய தலைவி தோக்தோபுபு
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டாள்,
"இதையெல்லாம் யார் உன்னை எழுதச் சொன்னது?"
பிறகு ஒரு பக்கம் புரட்டினாள்.
பிறகு இன்னொன்று.
பிறகு அந்தப் பெயருக்கு வந்தாள்.
தேநீர் ஆறிப்போனது.

வரவு செலவைச் சந்தைச் சுவரில் ஒட்டினோம்.
முதல் இரண்டு நாள் அதில் ஒருவன்
தர்பூசணி விலை எழுதிவைத்தான்.
மூன்றாம் நாள் எசென்பாய் பென்சிலோடு நின்றார்.
"சரளைக்கல், ஏழு லாரி" என்ற வரியை அடித்து
ஓரத்தில் கிறுக்கினார்:
நான் எண்ணினேன். ஆறு.

மறுநாள் விடிவதற்குள்
ஏழாவது லாரி வந்து கொட்டிவிட்டுப் போனது,
விளக்கைப் போடாமல்.

அந்த வாரம்
எசென்பாய் ஜன்னலுக்கு வந்தார், முறைத்துக்கொண்டே,
கசங்கிய நோட்டுகளை
எச்சில் தொட்டு இரண்டு முறை எண்ணினார்.
எனக்கு நன்றி சொல்லத் தோன்றியது.
அரசாங்கத்துக்கு அந்தப் பழக்கம் இல்லாததால்
இருமினேன்.

பனி விழுவதற்குள் நாலு கிலோமீட்டர் முடிந்தது.
மிச்சம் ஐந்து அப்படியே கிடக்கிறது,
பள்ளத்தில் தண்ணீர், தண்ணீரில் வானம்,
வானத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலணி.

முதல் செவ்வாய்.
தட்டில் இருபத்தைந்து.
பூருல்சா பணப்பையைத் திறந்தாள்.
நூற்றெழுபத்தெட்டு சோம்.
"ஒன்பதில் நாலு. கணக்குப் போட்டுப் பார்.
சில்லறையை நீயே வெச்சுக்கோ."

சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது.
ரசீது எழுதினேன், முத்திரை குத்தினேன்.
அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள்,
முட்டையைப் பார்ப்பதுபோல.

"மங்கலா விழுந்திருக்கு," என்றாள்.
"இன்னொரு தரம். நல்லா அழுத்து."