வயர் பிடிப்பவள்

எங்கள் குழுவில் இரண்டு பேர்.
ரெக்ஸ்லின் மூளை.
நான் வயர் பிடிப்பவள்.

பழைய டேப் ரிக்கார்டர் மோட்டார்,
பெயிண்ட் டப்பாவை வெட்டிய மூன்று இறக்கை,
பிளம்பர் சித்தப்பா தராமலே வந்த குழாய்த் துண்டு,
உச்சியில் கடுகளவு பல்பு.
ஒரு வயர் மட்டும் கழன்று கழன்று விழும்.
அதை விரலால் அழுத்திக்கொண்டு நிற்பதுதான்
அறிவியலில் என் பங்கு.

ஆடி மாதப் பணகுடியில்
காற்றே இல்லாத ஒரே இடம் எங்கள் பள்ளி அரங்கு.
ஆனி பிறந்ததுமே மேற்கு ஜன்னலை
ஆணி வளைத்து அடைத்துவிடுவார் வாட்ச்மேன் அந்தோணி.
ஆகவே எங்கள் காத்தாடிக்கு எதிரே
ஒரு டேபிள் ஃபேன்.

வள்ளியூரிலிருந்து வந்த அதிகாரி குனிந்து பார்த்தார்.
பல்பு எரிந்தது.
எரிகிறது என்று நாங்கள் சொன்னதால் நம்பினார்.
"இந்த ஃபேன் எதுல ஓடுது?"
"கரண்டுல சார்."
"அந்தக் கரண்டு?"
"காத்தாடியில இருந்து சார். அன்னா, மலைக்கு இந்தால நிக்குல்லா, அதுல இருந்து."
கண்ணாடியைக் கழற்றினார்.
"அப்போ காத்துல கரண்டு எடுத்து,
கரண்டுல காத்து எடுத்து,
அந்தக் காத்துல மறுபடியும் கரண்டு எடுக்கியளாக்கும்?"
"ஆமா சார். கடைசியில ஒரு பொட்டு மிஞ்சும்.
அதுதான் இந்த வெளிச்சம்."

பியூலா டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

"ஏளா, வயரை மட்டும் விட்டுராத"
என்றாள் ரெக்ஸ்லின்.
குறடோடு போய்
மேற்கு ஜன்னல் ஆணியைத் திருகினாள்.

கணவாயில் மூன்று நாளாய் வரிசையில் நின்ற காற்று
மொத்தமாக உள்ளே வந்தது.

நீர்ச் சுழற்சியின் பஞ்சு மேகங்கள்
ஜீரண மண்டலத்தில் போய் இறங்கின.
சூரியக் குடும்பத்தில் சனியை இன்றுவரை காணோம்.
உணவுப் பிரமிடின் புட்டு மாவு எல்லார் கண்ணிலும்,
எரிமலையின் குங்குமம் ஹெட்மாஸ்டர் சட்டையிலும்.
சைமனின் மகேந்திரகிரி ராக்கெட்,
சும்மா ஒட்டி நிறுத்திவைத்த அட்டை,
(அவன் அப்பாவுக்கு அங்கேதான் வேலை)
கிளம்பியே விட்டது.
பின்னாலேயே மார்க் தாள்கள்.
எங்கள் இறக்கை ஒன்று கழன்று பறந்து
முதலுதவிப் பெட்டியில் போய்க் குத்தி நின்றது.

மிச்ச இரண்டோடு காத்தாடி அலறியது.
விரல் சுட்டது.
விடவில்லை.
பல்பு
வெள்ளையாக,
கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி,
ஒரு நொடி.
பிறகு கருகல் வாசனை.

பார்த்தது நான் மட்டும்.
மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள்,
ரெக்ஸ்லின்கூட.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
பறக்காது.
ப்ராஜெக்டையே மறந்துபோன மாசானம்
சத்துணவுக் கூடத்திலிருந்து காலையில்
இரண்டு பேரைப் பிடித்துத் தூக்கிவந்து,
சாக்பீஸால் 'உராய்வு' என்றெழுதி வைத்த அம்மி
அசையவே இல்லை.
வேறெதுவும் இருந்த இடத்தில் இல்லாததால்
முதல் பரிசு அதற்கு.
மேடையேற்ற முடியவில்லை.
அதிகாரி இறங்கி வந்து கொடுத்தார்.

எங்களுக்கு இரண்டு வாரியல்.

பஞ்சைக் கூட்டும்போது கேட்டாள்:
"எரிஞ்சுதா?"
"எரிஞ்சுது."
"எம்புட்டு?"
எப்படிச் சொல்ல. விரலைக் காட்டினேன்.
கறுத்த நுனியை ஸ்கேல் வைத்து அளந்து
நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பெரிய காத்தாடிகள்
ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிக்கொண்டிருந்தன.
"அதுக்கெல்லாம் யாரு வயரு பிடிக்காவ?" என்றேன்.

"மாசானத்துட்ட கேளு" என்றாள்.
"அவன்தான ஃபர்ஸ்ட்."